வாயுபுத்ரா டயர் நின்றுபோன வருஷம்

அத்தை,

ஆடிக்காற்று தொடங்கிவிட்டது. தையல் கொட்டகையின் தகரக் கூரையை மாற்ற இன்று காலை அப்பா ஏணி வைத்து ஏறினார். கூரை பறக்காமலிருக்க மேலே கிடந்த செங்கற்களை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக அந்த டயரைக் கீழே தள்ளினார். அது விழுந்து, குதித்து, வாசலில் படித்துக்கொண்டிருந்த என்னை நோக்கி உருண்டு வந்து, பக்கத்தில் சாய்ந்து படுத்துக்கொண்டது. வெயிலில் வெந்த ரப்பர் வாசனை. இத்தனை மழையும் வெயிலும் பார்த்த பிறகும் அதன் ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'வாயுபுத்ரா' என்று படிக்க முடிகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு கதாயுதம். புது டயரில் முளைத்திருக்குமே மெல்லிய ரப்பர் முடிகள், அவைகூட ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. ஒரு நாள்கூட ரோட்டைப் பார்க்காத டயர் அல்லவா!

"பழைய சாமான்காரன் வந்தா இதைப் போட்டுரலாமா கண்ணு?" என்று அப்பா மேலிருந்து கேட்டார்.

புத்தகத்தை மூடிவிட்டு, உங்களுக்கு எழுதலாம் என்று உள்ளே வந்துவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது நொய்யல் ஓரத்து நம் ராயபுரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண் நீங்கள் ஒருவர்தான். மாமா இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வீர்கள். பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு மூட்டை, பின்சீட்டில் இரண்டு மூட்டை, நடுவில் நீங்கள். எல்லாம் பனியன் கம்பெனியில் வெட்டி வாங்கிவரும் துணிகள். அவற்றை நம் கொட்டகையின் நாலு மிஷினில் தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் செய்து, அதே வண்டியில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி சின்னக் கொட்டகையை ஊரில் பவர்டேபிள் என்பார்கள். மாமாவும் நீங்களும் சேர்ந்து ஆரம்பித்தது. வண்டி இருந்தால்தான் வேலை வரும். ஆட்டோ வைத்தால் தைத்த கூலி ஆட்டோவுக்கே சரியாகிவிடும் என்பீர்கள்.

வண்டி மாமாவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உயரம். நீங்கள் குள்ளம். சிக்னலில் நிற்கும்போது காலின் பெருவிரல் மட்டும்தான் தரையில் இருக்கும். மூட்டையோடு அப்படி நிற்பதைப் பார்க்கிற எனக்குத்தான் ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். நீங்கள் எதிரே ஏதாவது போர்டைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

வண்டியில் ஓடிய வாயுபுத்ராவை எனக்குத் தடமாகத்தான் முதலில் தெரியும். மழை பெய்து சந்து ஈரமாக இருந்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மண்ணைப் பார்த்தே நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வேப்பங்கொத்தை மண்ணில் அமுக்கி எடுத்ததுபோல் ஒரு அச்சு. அது வீட்டை நோக்கி வந்து திரும்பிப் போகாமல் இருந்தால் அத்தை உள்ளே. துப்பறியும் கதைகளை நூலகத்திலிருந்து வரிசையாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்த காலம். என் திறமையை நீங்கள் ஒருவர்தான் மதித்தீர்கள்.

மாமாவுக்கு வாயுபுத்ரா தவிர வேறு டயர் ஆகாது. மூட்டை ஏற்றினால் மற்ற டயரெல்லாம் விலாவில் பிதுங்கும், இது பிதுங்காது என்பது அவருடைய கட்சி. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் வண்டியின் பின்சக்கரம் பழைய காலத்துப் பெரிய அளவு. அந்த அளவில் டயர் போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்து அந்தக் கம்பெனி மட்டும்தான். அதனால் மாமாவின் கட்சியும் வண்டியின் அளவும் ஒன்றாகவே இருந்தன.

ஒரு நாள் டியூப் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், கம்பெனி பைக் டயர் போடுவதை நிறுத்திவிட்டது, இனி லாரி டயர் மட்டும்தானாம் என்று. நம் அளவில் கடையில் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றை நீங்கள் அப்போதே வாங்கிவிட்டீர்கள். பின்சீட்டில் கட்டி, ஜெயித்த கோப்பையைப்போல் கொண்டுவந்தீர்கள்.

எனக்கு அன்று ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேர் ஓட்டிய டயர் நின்றுபோனால் பேப்பரில் போட மாட்டார்களா? அந்த வாரம் முழுக்க நூலகத்தில் எல்லாப் பேப்பரையும் புரட்டினேன். ஒரு வரிகூட இல்லை. உங்களிடம் வந்து சொன்னபோது, "பெரிய மனுசங்க செத்தாத்தான் போடுவாங்க கண்ணு. டயருக்கெல்லாம் நீதான் எழுதோணும்" என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். பாருங்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கிய டயரை என்ன செய்தீர்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பனியன்காரர்களைத் தவிர உலகத்தில் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஈரத்துணியால் துடைத்தீர்கள். பெரிய பாலிதீன் கவரில் போட்டீர்கள். பெட்டிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களில் ஒரு கைப்பிடி அள்ளி உள்ளே போட்டு, வாயை டேப் வைத்து ஒட்டினீர்கள். பிறகு கொட்டகையிலேயே காய்ந்த இடம் எது என்று யோசித்து, அயர்ன் டேபிளுக்கு நேர் மேலே, கூரைக்குக் கீழே ஓர் ஆணியில் மாட்டினீர்கள். ஏற்றுமதிச் சரக்கை நீங்கள் பாதுகாப்பதும் அங்கேதான். துணிக்கு எதிரி ஈரம். அதனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் எதிரி ஈரம்தான்.

அயர்ன் செய்கிற பழனிச்சாமி அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சைஸ் ஸ்டிக்கர் ஒட்டலீங்களாக்கா? ஃபாரின்காரன் திருப்பி அனுப்பீருவான்" என்றார்.

நீங்கள் ஸ்டிக்கர் கட்டிலிருந்து ஒரு டபுள் எக்ஸ்எல் எடுத்து நிஜமாகவே கவரின் மேல் ஒட்டினீர்கள்.

அந்தக் கோடையும் அடுத்த கோடையும் டயர் அங்கேயே தொங்கியது. கீழே நாள் முழுக்க ஆவி பறக்கும். மேலே தகரம் கொதிக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது முருகன் படத்துக்கு, மிஷின்களுக்கு, பிறகு அண்ணாந்து டயருக்கும் ஒரு சுற்றுக் காட்டுவீர்கள். அது தொங்குகிறது என்ற தைரியத்தில் ஓடுகிற டயரை நூல் தெரிகிறவரைக்கும் ஓட்டினீர்கள்.

அடுத்த ஐப்பசி மழையில் நொய்யல் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி வழுக்கியது. உங்களுக்கு முழங்கையில் சிராய்ப்புத்தான். ஆனால் ஒரு மூட்டை அவிழ்ந்து வெள்ளைத் துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. அதைத் துவைத்து, காயவைத்து, கம்பெனியில் தலைகுனிந்து நின்று, எப்படியோ சமாளித்தீர்கள். வண்டியே வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு அது போதும்.

அப்பா உங்களுக்குத் தம்பி. உங்களை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று தரையைப் பார்த்தபடியே பேசினார். "அக்கா, மாமா போயிட்டாருங்க. நீங்களும் போயிட்டா நாங்க என்ன பண்றது? வண்டிய வித்துரலாமுங்க. அவிநாசிக்காரரு ஒருத்தரு பழைய வண்டியெல்லாம் சேத்து வெக்கறாராம். ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன்னாரு. கொட்டகைய மூடீட்டு நீங்க எங்க கம்பெனிக்கே செக்கிங் பாக்க வந்துருங்க. நெழல்ல ஒக்காந்து பாக்கற வேலைங்க."

"டயர் தேஞ்சதுக்கு வண்டிய விப்பாங்களா? புதுசு தொங்குதல்லொ" என்றீர்கள்.

"அப்ப அதை மாட்டீட்டு சொல்லுங்க. நான் அந்தாள வர வேண்டாங்கறேன்."

அது புதன்கிழமை. வியாழன் சாயங்காலம் பழனிச்சாமி அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி டயரை இறக்கினார். ஸ்டிக்கர் பழுத்திருந்தது. நான் கவரோடு அதை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னால் உட்கார்ந்து அந்தோணி அண்ணன் பட்டறைக்கு வந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் மெக்கானிக்காகத் தங்கிவிட்டவர். மாமாவுக்குச் சிநேகிதர்.

அவர் கவரைக் கிழித்து டயரை எடுத்தார். முகத்தில் சந்தோஷம் வந்தது. முழங்காலில் வைத்து விலாவை மடக்கினார். சத்தம் வரவில்லை, அத்தை. ஆனால் அந்தக் கறுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் திறந்ததை நாங்கள் மூவரும் பார்த்தோம். வேறு இடத்தில் மடக்கினார். அங்கேயும் திறந்தது. கோடையில் குளத்து மண் வெடிக்குமே, அது மாதிரி.

"எங்கக்கா வச்சிருந்திய இத?"

நீங்கள் சொன்னீர்கள். அவர் டயரைத் தரையில் வைத்தார். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "இட்லிச் சட்டிக்கு மேலல்லா தொங்க விட்டிருக்கிய" என்று கடைசியில் சொன்னார்.

முதலில் சிரித்தது நீங்கள்தான். பட்டறைப் பலகையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமையை நினைக்கிறீர்கள் என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக்கு ஏதோ உள்ளூர் விடுமுறை. மூலனூர்ப் பக்கம் ஒரு கடையில் வாயுபுத்ரா கிடக்கிறது என்று யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினீர்கள். அங்கே போனால் முருங்கைக்காய்க் கட்டுகள் மலை மலையாக இருந்தன, டயர் இல்லை. காங்கேயத்தில் இன்னொருவர் தோட்டத்தில் இருப்பதாக அவர்கள் அனுப்பினார்கள். அங்கே இருந்தது, நம் அளவுதான், அதே கதாயுதம். ஆனால் அதைச் சுற்றுவட்டமாக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கிணற்றடியில் பதித்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். மயிலைக் கன்று ஒன்று அதில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் ரொம்ப மரியாதையாக, "வேணுமுன்னா எடுத்துக்குங்க சாமி, மாட்டுக்கு வேற வெச்சுக்கறோம்" என்றார்.

"இருக்கட்டுங்க. அது தண்ணி குடிக்கட்டும்" என்றீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். நானாக இருந்தால் அழுதிருப்பேன். ஊர் எல்லை வந்து சாயப்பட்டறை வாடை அடித்தபோது, திடீரென்று என் சட்டையின் கழுத்துப் பட்டியைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"கண்ணு, கழுத்துக்கு வெச்சுத் தைக்கற ரிப்பு சின்னதா வந்துருச்சு, இனி பழைய அளவுல வராதுங்கறாங்கன்னு வெய்யி. நாம என்ன பண்ணுவோம்?"

"வேற ரிப்பு தேடுவோமுங்க."

"தேடிக் கெடைக்கல. சரக்கு நாளைக்குப் போகோணும்."

நான் என் கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"கழுத்தைச் சின்னதா வெட்டிருவோம்" என்றீர்கள். பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்துவிட்டீர்கள்.

அந்தோணி அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. சக்கரத்தின் வளையத்தை மாற்றிச் சின்ன அளவு போட முடியும், அந்த அளவில் டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அது அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த வண்டிக்கு அதைச் செய்ய அவருக்குக் கை வரவில்லை. வேறு யார் வண்டியாக இருந்தாலும் செய்திருப்பேன் என்றார். ஒரு ஸ்குரூவைக்கூட மாற்றாமல் மாமா வைத்திருந்த வண்டி. அதைக் கைவைத்துக் கெடுப்பதைவிட, அருமை தெரிந்தவர் ஒருவர் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டால் என்ன என்றார். அப்பாவும் வேலை முடிந்து அங்கே வந்துவிட்டிருந்தார். அவரும் தலையாட்டினார்.

"ஒரிஜினல் போயிரும்க்கா. அண்ணாச்சி இருந்தா விடுவாவளா?"

நீங்கள் வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் உருளையைச் சட்டைக் கையால் துடைத்தீர்கள். மாமாவின் சட்டைக் கை. பிறகு சொன்னீர்கள். அதை நான் மறக்கவில்லை.

"அவுரு இருந்தா அவுரு ஓட்டுவாருங்க அந்தோணி. இப்ப ஓட்டறது நானு. நடுவுல இருக்கறது அவரோடதே இருக்கட்டும். சுத்தி இருக்கறத மாத்துங்க."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். நீங்கள் திரும்பிப் பார்த்து, "நீயும் இரு தம்பி. ஞாயித்துக்கிழம வரைக்கும்னு நீதான சொன்ன" என்றீர்கள்.

சனிக்கிழமை முழுக்க அந்தோணி அண்ணன் அதே வேலையாக இருந்தார். பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதே உருளையில் குட்டைக் கம்பிகளைக் கோத்து, புது வளையத்தை மாட்டி, சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திருகி, மறுபடி சுற்றினார். ஏதோ ஒரு கம்பெனியின் டயர். பேரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. அதன் அச்சு வேப்பங்கொத்து மாதிரி இல்லை, வெறும் கட்டம் கட்டமாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

சாயங்காலம் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தீர்கள். காலை ஊன்றினீர்கள். அப்படியே கீழே குனிந்து பார்த்தீர்கள். எங்களுக்கு என்ன என்று புரியவில்லை. டயரில் காற்று இல்லையோ என்று அந்தோணி அண்ணன் வந்து குனிந்தார்.

வண்டி மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. உங்கள் குதிகால் தரையில் படிந்திருந்தது.

"இத்தன நாளும் நுனிக்கால்லயேதான் நின்னிருக்கறேன். எனக்கே தெரியல பாரு" என்றீர்கள், யாரிடம் என்றில்லாமல்.

அப்பா அதைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்குப் போய் அவிநாசிக்காரரை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே மூன்று மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, இரண்டு குதிகாலையும் ஊன்றி, ஹாரன் அடித்தீர்கள்.

வெடித்த டயரை எறிய உங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வருஷம் தகரம் காற்றில் படபடத்தபோது அதையே தூக்கி மேலே போட்டீர்கள். மறுநாள் கிழிந்த கவரிலிருந்த ஸ்டிக்கரைக் காணவில்லை. பழனிச்சாமி அண்ணன் சட்டையின் முதுகில் அது ஒட்டியிருந்தது. ஒட்டியது நீங்கள்தான் என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருஷம் மழைக்காலத்துக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், எந்த மூட்டை எங்கே போக வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர்கள். அம்மா இப்போது கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறார். மிஷின் ஆறாகிவிட்டது. மூட்டை எடுக்கிறவர் யார் தெரியுமா? அப்பாதான். கம்பெனி வேலையை விட்டுவிட்டார். வண்டியை யாராவது விலைக்குக் கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. போன மாதம் ஒருவர் விடாமல் கேட்டதற்கு, "எங்கக்காளுக்குன்னு எறக்கி வெச்ச வண்டிங்க இது, உங்களுக்கு ஒத்துவராது" என்றார். நான் உள்ளே போய்ச் சிரித்தேன்.

பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாற்றுப் பிரிவை இந்த வருஷம் எடுத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் குறைவாம். எல்லோரும் என்னைக் காமர்ஸ் எடு என்றார்கள். எனக்குப் பழைய சங்கதிகளைத் தேடிப் படிப்பதில்தான் ஆசை, பேப்பரில் வராததையும் சேர்த்து. நான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பஸ் ஏறிப்போய், அந்தப் பிரிவு இருக்கிற வேறொரு பள்ளியில் இடம் கேட்டேன். கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். பழைய பள்ளியின் தலைமையாசிரியர், இத்தனை வருஷம் படித்த இடத்தை விட்டுப் போகிறாயே என்றார். நடுவில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். அவருக்குப் புரியாது என்று சும்மா வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வாரம் பின்டயரில் மறுபடி நூல் தெரிந்தது. அப்பாவோடு நானும் பட்டறைக்குப் போனேன். அந்தோணி அண்ணன் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, இந்தக் கம்பெனி டயரும் இப்ப வாரதில்ல பாத்துக்கோ" என்றார். அப்பா முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம் மூன்று பேரும் அந்தப் பழைய வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டோம் போலிருந்தது.

"எது வருதோ அதைப் போடுங்கண்ணா" என்றேன்.

போட்டார். பெயரை நானும் கேட்கவில்லை.

இப்போது வெளியே தகரம் அடித்து முடித்துவிட்டார்கள். சத்தம் ஓய்ந்திருக்கிறது. டயரைப் பழைய சாமான்காரருக்குப் போட வேண்டாம், மேலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஏறி அதைப் புதுத் தகரத்தின் மேல் வைத்தார். பழனிச்சாமி அண்ணன் கீழே நின்று, "காத்துக்குப் பொறந்தவனே காத்தைத் தடுத்துட்டு உக்காந்திருக்கறான் பாருங்க" என்றார். காற்று பலமாகத்தான் அடிக்கிறது. கூரை அசையவில்லை.

கொட்டகைக்குள் வண்டி நிற்கிறது. சற்று முன் யாரும் இல்லாதபோது ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தேன், அத்தை. லைசென்ஸ் எடுக்க எனக்கு இன்னும் வயது வரவில்லை. அது வரும். இரண்டு பக்கமும் காலை ஊன்றினேன். குதிகால் முழுசாகத் தரையில் படிந்தது.